பதிவான ஓர் ஆட்டத்திலிருந்து சதுரங்கத் தொடக்கத்தைக் கற்றல்

சதுரங்கம் ஆடப் பழகிய மாணவன் ஒருவன் முதல் பத்துப் பதினைந்து நகர்வுகளுக்குள்ளேயே தோற்றுவிடுகிறான் எனக் கொள்வோம். மறுநாளும் அவ்வாறே தோற்கிறான். மூன்றாம் நாள் அவன் இரண்டு முடிவுகளுள் ஒன்றிற்கு வருவான். இவ்விளையாட்டிற்குரிய அறிவு தனக்கு இல்லை என்று கருதிப் பலகையை மூடி வைப்பான். அல்லது தொடக்க நகர்வுகள் அடங்கிய நூலொன்றைத் தேடிப் பெற்று, அவற்றை நெட்டுருப் போடத் தொடங்குவான். இவ்விரண்டும் தவறான முடிவுகளே. முதல் முடிவு மாணவனை விளையாட்டினின்றும் விலக்கிவிடுகிறது. இரண்டாவது முடிவு அவனுடைய உழைப்பை வீணாக்குகிறது.

நெட்டுரு ஏன் பயன்படாது என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஆட்டத்தின் முதல் நகர்வை வெள்ளை 20 வகையில் ஆடலாம்: எட்டுக் காலாட்கள் ஒவ்வொன்றும் ஒரு கட்டமோ இரு கட்டமோ முன்னேறுவதால் 16 வகை, இரு குதிரைகளும் இவ்விரண்டு இடங்களுக்குத் தாவுவதால் 4 வகை. அதற்குக் கறுப்பும் 20 வகையில் விடை கூறலாம். எனவே இரு தரப்பும் ஒரே ஒரு முறை நகர்த்திய அளவிலேயே 400 நிலைகள் பிறந்துவிடுகின்றன. அதற்குமேல் எண்ணிக்கை மிக விரைவாகப் பெருகுகிறது. எதிராளி ஒருமுறை வழிமாறினாலும், மனப்பாடம் செய்தவன் திகைத்து நிற்க நேரும். காரணம் அறிந்தவனோ, புதிய நிலையிலும் தன் வழியைத் தானே கண்டுகொள்வான்.

காரணம் அறிவதற்குரிய வழிகளுள் சிறந்ததும் செலவற்றதும், நன்கு பதிவான ஓர் ஆட்டத்தை எடுத்து அதனை நகர்வு நகர்வாக ஆராய்தலேயாகும். ஒரு பலகை, 32 காய்கள், ஒரு குறிப்பேடு, ஒரு மணி நேரம் ஆகியவை போதும். இம்முறையைப் புகழ்பெற்ற ஓர் ஆட்டத்தைக் கொண்டு இக்கட்டுரையில் விளக்குவோம்.

பதிவு என்னும் கருவி

விளையாட்டுகளுள் சதுரங்கத்திற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஆடப்பெற்ற ஆட்டம் முழுவதையும், ஒரு சிறிதும் குறையாமல், ஒரு தாளில் எழுதிவிடலாம். பந்தாட்டத்தைப் பார்த்தவர் அதனை வருணிக்கத்தான் முடியும். சதுரங்க ஆட்டத்தையோ, நூறு ஆண்டுகள் கழித்தும், அதே காய்களைக் கொண்டு மீண்டும் நடத்திக் காட்ட முடியும். வயல்வெளியில் மழையளவையும் பயிரின் உயரத்தையும் நாள்தோறும் குறித்து வைக்கும் ஊழியர்க்கு இதன் மதிப்பு நன்கு விளங்கும். நினைவு ஏமாற்றும், குறிப்பு ஏமாற்றாது. இக்காரணம் பற்றியே, நீண்ட நேர ஆட்டங்கள் நடைபெறும் போட்டிகளில் ஆட்டக்காரர் இருவரும் நகர்வுகளைத் தம் கையாலேயே எழுதி வர வேண்டும் என்று விதி செய்துள்ளனர்.

கட்டங்களுக்கு எழுத்தும் எண்ணும் இட்டு எழுதும் முறை பழமையானது. சிரியா நாட்டின் அலெப்போ நகரத்தவரான பிலிப் ஸ்டாமா 1737-இல் பாரிசில் வெளியிட்ட நூலில் இத்தகைய முறையைக் கையாண்டார். பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு 1981 முதல் இம்முறை ஒன்றையே ஏற்று வருகிறது.

முறை இதுதான். வெள்ளைக் காய்களை ஆடுபவரின் இடக்கைப்புறத்திலிருந்து வலக்கைப்புறமாக, எட்டு நெடுவரிசைகளுக்கும் முறையே ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று பெயரிட வேண்டும். அவருக்கு அண்மையிலுள்ள குறுக்கு வரிசை 1. எதிராளிக்கு அண்மையிலுள்ளது 8. ஆகவே வெள்ளை அரசன் நிற்கும் கட்டம் இ1; கறுப்பு அரசன் நிற்கும் கட்டம் இ8. ஒவ்வொருவரின் வலக்கை மூலையிலும் வெண்கட்டம் அமைய வேண்டும் என்பதை மறத்தலாகாது.

காய்களின் பெயர்கள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. இக்கட்டுரையில் அரசன், அரசி, யானை, மந்திரி, குதிரை, காலாள் என்னும் பெயர்களை வழங்குவோம். மூலையில் நின்று நேராகச் செல்வது யானை. அரசனுக்கும் அரசிக்கும் அருகில் நின்று மூலைவாட்டில் செல்வது மந்திரி. அரசனை நேரே தாக்குவதை, அதாவது பேச்சுவழக்கில் ‘செக்’ என்பதனை, முற்றுகை என்போம். தப்ப வழியில்லாத முற்றுகை இறுதி முற்றுகையாகும்.

நாம் ஆராயப்போகும் ஆட்டம்

1858-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், இசைநாடக அரங்கொன்றின் தனி மாடத்தில் இவ்வாட்டம் நடைபெற்றது. வெள்ளைக் காய்களை ஆடியவர் அமெரிக்க நாட்டின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தவரான பால் மார்ஃபி. அவர் 1837-இல் பிறந்தவர்; அப்போது அவருக்கு வயது 21. கறுப்புக் காய்களை இருவர் தம்முள் கலந்து ஆலோசித்து ஆடினர். ஒருவர் பிரன்ஸ்விக் கோமகன். மற்றவர் இசுவார் பிரபு. பதினேழு நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது. மார்ஃபி 1884-இல் மறைந்தார். ஆயினும் இவ்வாட்டத்தை இன்றும் உலகெங்கும் ஆசிரியர்கள் தொடக்க மாணவர்க்குக் காட்டி வருகின்றனர்.

ஆட்டத்தின் பதிவு பின்வருமாறு. ஒவ்வொரு வரியிலும் முதலில் வெள்ளையின் நகர்வும், அடுத்துக் கறுப்பின் நகர்வும் தரப்பட்டுள்ளன.

1. காலாள் இ4 — காலாள் இ5
2. குதிரை எஃப்3 — காலாள் டி6
3. காலாள் டி4 — மந்திரி ஜி4
4. டி4 காலாள் இ5-இல் வெட்டுகிறது — மந்திரி எஃப்3-இல் வெட்டுகிறது
5. அரசி எஃப்3-இல் வெட்டுகிறது — டி6 காலாள் இ5-இல் வெட்டுகிறது
6. மந்திரி சி4 — குதிரை எஃப்6
7. அரசி பி3 — அரசி இ7
8. குதிரை சி3 — காலாள் சி6
9. மந்திரி ஜி5 — காலாள் பி5
10. குதிரை பி5-இல் வெட்டுகிறது — சி6 காலாள் பி5-இல் வெட்டுகிறது
11. மந்திரி பி5-இல் வெட்டுகிறது, முற்றுகை — பி8 குதிரை டி7
12. அரசியின் பக்கம் கோட்டை கட்டுதல் — யானை டி8
13. யானை டி7-இல் வெட்டுகிறது — யானை டி7-இல் வெட்டுகிறது
14. யானை டி1 — அரசி இ6
15. மந்திரி டி7-இல் வெட்டுகிறது, முற்றுகை — குதிரை டி7-இல் வெட்டுகிறது
16. அரசி பி8, முற்றுகை — குதிரை பி8-இல் வெட்டுகிறது
17. யானை டி8, இறுதி முற்றுகை

மறைத்துப் படித்தல்

பெரும்பாலோர் பதிவான ஆட்டத்தைக் கதை படிப்பதுபோல் விரைவாக நகர்த்திச் சென்று, முடிவைக் கண்டு வியந்து, பலகையை மூடிவிடுகின்றனர். இதனால் மகிழ்ச்சி உண்டாகுமேயன்றிப் பயன் உண்டாகாது. கற்க விரும்புபவர் பதிவின்மேல் ஓர் அட்டையை வைத்து, அடுத்த நகர்வை மறைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளையின் முறை வரும்போதெல்லாம், தாம் அவ்விடத்தில் இருந்தால் எதனை நகர்த்தியிருப்போம் என்பதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு வரியில் காரணமும் எழுத வேண்டும். அதன்பின்னரே அட்டையை ஒரு வரி கீழே இறக்கலாம்.

தம் விடையும் பதிவிலுள்ள விடையும் ஒன்றாயின், காரணமும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். வேறாயின், அவ்விடத்தில் நின்று ஆராய வேண்டும். இவ்வாறு வேறுபடும் இடங்களே ஒருவருடைய அறிவின் எல்லையைக் காட்டுவன. ஆகவே, பல இடங்களில் தம் விடை தவறியது கண்டு மாணவர் மனம் தளரத் தேவையில்லை. தவறாத இடத்தில் கற்பதற்கு ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு நகர்விலும் மூன்று வினாக்களை எழுப்புதல் போதுமானது. முதலாவது, இந்நகர்வு எதனைத் தாக்குகிறது, அல்லது எதனைக் காக்கிறது? இரண்டாவது, இதனால் புதிதாக ஒரு காய் களத்திற்கு வந்ததா? மூன்றாவது, இதனால் எந்தக் காயின் வழி திறந்தது, எதன் வழி அடைந்தது? இவ்வினாக்களுடன் ஆட்டத்திற்குள் நுழைவோம்.

முதல் ஐந்து நகர்வுகள்

இரு தரப்பும் முதலில் அரசனின் முன்னுள்ள காலாளை இரு கட்டம் செலுத்துகின்றன. நடுக்கட்டங்களில் இடம் பிடித்தலும், மந்திரிக்கும் அரசிக்கும் வழி திறத்தலும் இதன் நோக்கம். இரண்டாம் நகர்வில் வெள்ளைக் குதிரை களத்திற்கு வந்ததோடு இ5 காலாளையும் தாக்குகிறது. கறுப்பு அதனை டி6 காலாளால் காக்கிறது. இத்தொடக்கத்திற்குப் பிரெஞ்சு ஆட்டக்காரரும் இசை அறிஞருமான ஃபிலிடாரின் பெயர் வழங்குகிறது. காவல் கிடைத்தது, ஆயினும் எஃப்8-இலுள்ள மந்திரியின் வழி அடைபட்டது. இது பெருந்தவறன்று. பின்னர் அம்மந்திரியை இ7-இல் வைத்துக் கோட்டை கட்டலாம்.

மூன்றாம் நகர்வில் வெள்ளை டி4 என்று இரண்டாம் காலாளையும் நடுவிற்குக் கொணர்ந்து, இ5 காலாளை மீண்டும் தாக்குகிறது. கறுப்பின் விடை மந்திரி ஜி4 என்பது. இது பார்வைக்கு நன்றாகவே தோன்றும். புதிய காய் ஒன்று வெளிவந்தது. வெள்ளைக் குதிரையும் கட்டுண்டது, ஏனெனில் அது விலகினால் அதன் பின்னுள்ள அரசி வெட்டுப்படும். ஆனால் முதல் வினாவை இங்கே கேட்டுப் பாருங்கள்: இ5 காலாள் காக்கப்பட்டதா?

வெள்ளை இ5-இல் வெட்டுகிறது. கறுப்பு உடனே காலாளால் திருப்பி வெட்டினால், வெள்ளை அரசி டி8-இல் கறுப்பு அரசியை வெட்டி முற்றுகையிடும். அரசன் அதனை வெட்ட வேண்டிவரும். அரசிகள் மறைந்தபின் வெள்ளைக் குதிரையின் கட்டு அவிழ்ந்துவிடும். அது இ5 காலாளை இலவசமாக வெட்டிக்கொள்வதோடு, ஜி4 மந்திரியையும் எஃப்7 காலாளையும் ஒருங்கே தாக்கும். இதனை உணர்ந்தே கறுப்பு முதலில் மந்திரியைக் கொண்டு குதிரையை வெட்டியது. அக்குதிரையை வெட்டிய வெள்ளை அரசி எஃப்3-இல் வந்து நின்றது.

இப்பொழுது காய்களை எண்ணினால் இரு தரப்பும் சமம். ஆனால் நகர்வுகளை எண்ணினால் சமமன்று. கறுப்பு மந்திரி இருமுறை நகர்ந்து, ஒருமுறையே நகர்ந்த குதிரைக்கு ஈடாக மறைந்தது. திருப்பி வெட்டிய அரசியோ தாக்குதலுக்கு ஏற்ற இடத்தைப் பெற்றது. களத்தில் வெள்ளைக்கு ஓர் அரசி உண்டு. கறுப்புக்கு ஒரு காயும் இல்லை. அடுத்து ஆடும் முறையும் வெள்ளையினுடையதே.

ஆறு முதல் ஒன்பது வரை

ஆறாம் நகர்வில் மந்திரி சி4-க்கு வருகிறது. அரசியும் மந்திரியும் எஃப்7 காலாளைக் குறிவைக்கின்றன. தொடக்கத்தில் அரசனால் மட்டுமே காக்கப்படும் காலாள் அது ஒன்றே என்பதை மாணவர் நினைவில் இருத்த வேண்டும். கறுப்பு கவனியாதிருந்தால் அரசி எஃப்7-இல் வெட்டி இறுதி முற்றுகையிடும். கறுப்பு குதிரையை எஃப்6-இல் வைத்து அரசியின் வழியை மறைக்கிறது.

ஏழாம் நகர்வில் வெள்ளை அரசி பி3-க்குச் செல்கிறது. அங்கிருந்து பி7 காலாளைத் தாக்குகிறது. மந்திரியின் பின்னின்று எஃப்7 காலாளையும் தாக்குகிறது. ஒரே நகர்வில் இரு தாக்குதல். கறுப்பு அரசியை இ7-இல் வைத்து எஃப்7 காலாளைக் காத்தது. ஆனால் மூன்றாம் வினாவைக் கேட்போமாயின், எஃப்8 மந்திரியின் வழி இப்பொழுது முற்றிலும் அடைபட்டதைக் காண்போம். மந்திரி வெளிவராமல் கறுப்பு அரசன் அப்பக்கம் கோட்டை கட்ட இயலாது. டி6-இல் ஆரம்பித்த சிறு அடைப்பு இ7-இல் முழு அடைப்பாயிற்று.

எட்டாம் நகர்வில் வெள்ளை விரும்பியிருந்தால் பி7 காலாளை வெட்டியிருக்கலாம். அவ்வாறு செய்தால் கறுப்பு அரசி பி4-இல் முற்றுகையிட்டு, அரசிகளை மாற்றிக்கொள்ளும். வெள்ளைக்கு ஒரு காலாள் மிஞ்சும், ஆனால் தாக்குதல் ஓய்ந்துவிடும். மார்ஃபி குதிரையைச் சி3-இல் வைத்து மற்றொரு காயைக் களத்திற்குக் கொணர்ந்தார். பி4-இலிருந்து அரசனை முற்றுகையிடும் வழியும் இதனால் அடைபட்டது. கறுப்பு சி6 என்று ஆடிற்று. சி7 கட்டம் காலியானதால், இ7-இலுள்ள அரசி பி7 காலாளையும் காக்க முடிகிறது.

ஒன்பதாம் நகர்வில் மந்திரி ஜி5-க்கு வந்து, எஃப்6 குதிரையை அதன் பின்னுள்ள அரசியோடு கட்டிவிடுகிறது. இந்நிலையில் கறுப்பு பி5 என்று காலாளைச் செலுத்தி, சி4 மந்திரியை விரட்ட முயன்றது.

நகர்வுக் கணக்கு

இவ்விடத்தில் ஆட்டத்தை நிறுத்தி ஒரு கணக்கு எழுதுவோம். இதுவே இவ்வாராய்ச்சியின் மையம் எனலாம். இரு தரப்பும் ஒன்பது ஒன்பது நகர்வுகள் செய்துள்ளன. அவை எவ்வாறு செலவாயின?

வெள்ளை: காலாள் நகர்வுகள் 3, குதிரை நகர்வுகள் 2, மந்திரி நகர்வுகள் 2, அரசி நகர்வுகள் 2. ஆக 9.

கறுப்பு: காலாள் நகர்வுகள் 5, மறைந்துபோன மந்திரியின் நகர்வுகள் 2, குதிரை நகர்வு 1, அரசி நகர்வு 1. ஆக 9.

களத்தில் நிற்கும் காய்களை எண்ணினால், வெள்ளைக்கு அரசி, இரு மந்திரிகள், ஒரு குதிரை ஆக நான்கு. கறுப்புக்கு அரசி, ஒரு குதிரை ஆக இரண்டே. அவ்விரண்டனுள்ளும் குதிரை கட்டுண்டிருக்கிறது. அரசியோ தன் மந்திரியின் வாயிலை அடைத்து நிற்கிறது. பத்தாம் நகர்வில் நிகழ்ந்த வெடிப்பிற்கு வேண்டிய மருந்து முழுவதும் இக்கணக்கில் அடங்கியிருக்கிறது. இதனைக் காணாதவர்க்கு மார்ஃபியின் காய்த் தியாகம் மாயம்போல் தோன்றும். கண்டவர்க்கு அது வரவு செலவுக் கணக்கின் இயல்பான முடிவாகவே தோன்றும்.

பத்து முதல் பதினேழு வரை

மந்திரியைப் பின்வாங்காமல், வெள்ளை பி5-இல் குதிரையால் வெட்டியது. கறுப்பு குதிரையை வெட்டியது. மந்திரி பி5-இல் வெட்டி முற்றுகையிட்டது. ஒரு குதிரைக்கு ஈடாக இரு காலாட்கள். எண்ணிக்கையில் வெள்ளைக்கு நட்டமே. ஆனால் கறுப்பு அரசன் நடுவில் சிக்கினான். டி7-இல் இடைமறித்த குதிரை, தன் அரசனை முன்னிட்டு அசைய முடியாமற் போயிற்று.

பன்னிரண்டாம் நகர்வு மாணவர் ஊன்றிப் பார்க்க வேண்டியது. வெள்ளை அரசியின் பக்கம் கோட்டை கட்டுகிறது. இவ்வொரே நகர்வால் அரசன் பாதுகாப்பான இடத்திற்குச் சென்றான். யானையும் திறந்திருந்த டி வரிசையில் வந்து நின்று டி7 குதிரையைத் தாக்கிற்று. மற்றப் பக்கம் கோட்டை கட்டியிருந்தால், யானையை டி1-க்குக் கொணர மேலும் ஒரு நகர்வு தேவைப்பட்டிருக்கும். அவ்வொரு நகர்வில் கறுப்பு மூச்சு விட்டிருக்கும்.

கறுப்பு யானையை டி8-இல் வைத்துக் காத்தது. வெள்ளை யானை டி7-இல் வெட்டியது. கறுப்பு யானை திருப்பி வெட்டியது. உடனே எச்1-இலிருந்த வெள்ளையின் இரண்டாம் யானை டி1-க்கு வந்தது. வெள்ளையிடம் எஞ்சிய காய்கள் அனைத்தும் இப்பொழுது போரில் ஈடுபட்டுள்ளன. கறுப்பின் எஃப்8 மந்திரியும் எச்8 யானையும் பிறந்த கட்டத்தை விட்டு இன்னும் அசையவில்லை.

கறுப்பு அரசி இ6-க்கு விலகிக் குதிரையின் கட்டை அவிழ்த்தது. வெள்ளை மந்திரி டி7-இல் வெட்டி முற்றுகையிட, குதிரை திருப்பி வெட்டியது. பதினாறாம் நகர்வில் வெள்ளை தன் அரசியையே பி8-இல் கொடுத்தது. குதிரை அதனை வெட்டியே தீர வேண்டும். வெட்டியவுடன் டி வரிசை காவலற்றுத் திறந்தது. யானை டி8-இல் இறங்கி ஆட்டத்தை முடித்தது. ஜி5 மந்திரி அந்த யானையைக் காப்பதோடு, அரசன் இ7-க்கு ஓடும் வழியையும் மறிக்கிறது.

முடிவில் வெள்ளையிடம் அரசனையும் காலாட்களையும் தவிர ஒரு யானையும் ஒரு மந்திரியுமே இருந்தன. கறுப்பிடம் அரசி, யானை, மந்திரி, குதிரை நான்கும் இருந்தன. ஆனால் மந்திரியும் யானையும் கடைசிவரை ஒருமுறைகூட நகரவில்லை. களத்திற்கு வாராத படை இல்லாத படைக்கு ஒப்பாகும்.

எங்கே திருத்துவது?

தோல்வியின் காரணத்தைக் கடைசி நகர்வுகளில் தேடுவது தொடக்க மாணவரின் வழக்கம். அரசியை வெட்டியிராவிட்டால் என்ன என்று கேட்பர். அப்பொழுது காலம் கடந்துவிட்டது. நோய் தோன்றிய இடத்தைக் காண, பதிவைப் பின்னோக்கிப் படிக்க வேண்டும்.

பத்தாம் நகர்வில் கறுப்பு குதிரையை வெட்டாமல், அரசியைப் பி4-இல் வைத்து முற்றுகையிட்டு அரசிகளை மாற்றியிருந்தால், ஒரு காலாளாவது குறைந்திருக்குமெனினும் உடனடி அழிவு நேர்ந்திராது. ஒன்பதாம் நகர்வில் பி5 என்பது, படை வராத நிலையில் போரைத் தானே வலிந்தழைத்தலாயிற்று. ஆறாம் நகர்வில் குதிரைக்கு மாறாக அரசியை டி7-இல் வைத்திருந்தால், வெள்ளை அரசி பி3-க்கு வரும்போது சி6 என்று விடை கூறி, எஃப்7, பி7 ஆகிய இரு காலாட்களையும் ஒரே காயால் காத்திருக்கலாம். எஃப்8 மந்திரியின் வழியும் அடைபட்டிராது.

எனினும், மூல காரணம் மூன்றாம் நகர்விலேயே உள்ளது. மந்திரி ஜி4 என்பதற்குப் பதிலாக, டி4-இல் காலாளை வெட்டிவிடுதல் எளிய வழி. வெள்ளைக் குதிரை திருப்பி வெட்டும். பின்னர்க் கறுப்பு குதிரையை எஃப்6-இலும், மந்திரியை இ7-இலும் வைத்துக் கோட்டை கட்டலாம். நடுவில் வெள்ளைக்குச் சிறிது இடம் கூடும். ஆனால் கறுப்பு அரசன் பாதுகாப்பாக இருப்பான், காய்களும் வெளிவரும். இவ்வழியைப் பலகையில் ஆடிப் பார்த்து, மீண்டும் நகர்வுக் கணக்கு எழுதினால் வேறுபாடு கண்கூடாகும்.

விதியும் காரணமும்

தொடக்கத்தில் அரசியை விரைந்து வெளிக்கொணரலாகாது என்று மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கிறோம். மார்ஃபியோ முதல் ஏழு நகர்வுகளுக்குள் அரசியை இருமுறை நகர்த்தினார். ஒரு மாணவன் இதனைச் சுட்டிக் கேட்டால், ஆசிரியர் மகிழ வேண்டும்; அவன் உண்மையாகவே படித்திருக்கிறான்.

அவ்விதியின் காரணம் யாது? வெளிவந்த அரசியை எதிராளி சிறு காய்களால் தாக்கி விரட்டுவான். ஒவ்வொரு விரட்டலிலும் அவன் ஒரு காயை வெளிக்கொணர்வான். நாம் ஒரு நகர்வை இழப்போம். இவ்வாட்டத்தில் கறுப்பிடம் அவ்வாறு விரட்டுதற்குரிய காய் ஏதும் களத்தில் இல்லை. அரசியின் முதல் நகர்வு ஒரு வெட்டு. இரண்டாவது இரட்டைத் தாக்குதல். இரண்டிற்கும் கறுப்பு விடை சொல்லியே தீர வேண்டியிருந்தது. காரணம் இல்லாத இடத்தில் விதியும் தளர்கிறது. விதியை மட்டும் அறிந்தவர் அதற்கு அடிமையாவர். காரணத்தையும் அறிந்தவர் அதனை ஆள்வர்.

இக்கருத்திற்கு ஆராய்ச்சிச் சான்றும் உண்டு. அமெரிக்க உளவியலாளர்களான சேஸ், சைமன் இருவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டநிலைகளைச் சில நொடிகள் மட்டும் காட்டி, நினைவிலிருந்து மீண்டும் அமைக்கச் செய்தனர். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலைகளைத் தேர்ந்த ஆட்டக்காரர் மிகச் சரியாக அமைத்தார். தொடக்க மாணவரால் சில காய்களையே வைக்க முடிந்தது. காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோதோ, அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. தேர்ந்தவரின் ஆற்றல் வெறும் நினைவுவன்மை அன்று. காய்களுக்கிடையேயுள்ள தொடர்புகளைப் பொருளோடு காணும் பழக்கமேயாகும். அப்பழக்கம் பதிவான ஆட்டங்களை ஆராய்வதால் வளர்கிறது.

தன் ஆட்டத்திற்குத் திரும்புதல்

பிறர் ஆட்டத்தைக் கற்பதன் நோக்கம் தன் ஆட்டத்தைத் திருத்துவதே. ஆகவே மாணவர் தாம் ஆடும் ஆட்டங்களையும் எழுதி வைக்க வேண்டும்; குறிப்பாகத் தோற்ற ஆட்டங்களை. ஆட்டம் முடிந்தபின் பத்தாம் நகர்வில் நிறுத்தி, மேற்காட்டியவாறு கணக்கு எழுத வேண்டும். காலாள் நகர்வுகள் எத்தனை? ஒரே காய் இருமுறை நகர்ந்தது எத்தனை முறை? களத்தில் நிற்கும் காய்கள் எத்தனை? அரசன் கோட்டைக்குள் சென்றானா? பத்து ஆட்டங்களுக்கு இவ்வாறு எழுதி ஒப்பிட்டால், ஒருவரின் வழக்கமான தவறு தானாகவே வெளிப்படும்.

ஓர் எச்சரிக்கையும் இங்குக் கூறத்தக்கது. ஓர் ஆட்டம் ஓர் உற்றுநோக்கல் மட்டுமே. ஒரு வயலில் கண்டதை மாவட்டம் முழுவதற்கும் பொருத்தலாகாது என்பது களப்பணியாளர் அறிந்ததே. ஃபிலிடாரின் தொடக்கத்தில் கறுப்பு இவ்வாட்டத்தில் தோற்றமையால், அத்தொடக்கமே கெட்டது என்று முடிவு செய்தல் பிழை. தோற்றது டி6 அன்று. அதன்பின் வந்த நகர்வுகள். அதே தொடக்கம் கொண்ட வேறு நான்கைந்து ஆட்டங்களையும் பார்த்த பின்னரே பொதுக் கருத்து உருவாக்க வேண்டும்.

இன்று கணிப்பொறிகள் சதுரங்கத்தில் மனிதரினும் மிக்க வலிமை பெற்றுள்ளன. உலக வாகையராயிருந்த காஸ்பரோவை டீப் புளூ என்னும் கணிப்பொறி 1997-இல் ஆறு ஆட்டங்கள் கொண்ட போட்டியில் வென்றது. இக்காலக் கைப்பேசியிலுள்ள நிரலே எந்த நகர்வு சிறந்தது என்பதை நொடியில் காட்டிவிடும். இவ்வுதவியைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் அதனை நாடும் வரிசை முக்கியம். முதலில் சொந்த விடையையும் காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதுக. பிறகு கணிப்பொறியைக் கேட்க. கணக்கு நூலின் இறுதியிலுள்ள விடைப் பக்கத்தை முதலில் திறப்பவன் கணக்குக் கற்பதில்லை.

ஆசிரியர்க்குச் சில குறிப்புகள்

பதினேழு நகர்வுகள் கொண்ட இவ்வாட்டம் ஒரு பாடவேளைக்குள் அடங்கும். வகுப்பை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் வெள்ளைக்காகவும் மற்றவர் கறுப்புக்காகவும் அடுத்த நகர்வைக் கூறுமாறு செய்யலாம். ஒவ்வொரு விடைக்கும் காரணம் கேட்பது கட்டாயம். காரணமற்ற சரியான விடையைவிட, காரணத்தோடு கூடிய தவறான விடைக்கு மதிப்பு மிகுதி என்பதை மாணவர் உணர வேண்டும். ஒன்பதாம் நகர்வில் நிறுத்திக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுக. அதன்பின், கறுப்பு எங்கே தவறியது என்னும் வினாவை அவர்களிடமே விட்டுவிடுக. மறுநாள் மூன்றாம் நகர்விலிருந்து திருத்திய வழியில் இரண்டிரண்டு பேராக ஆடச் சொல்லுக. பலகைகள் போதாவிடின், அட்டையில் கட்டம் கீறி, காய்களின் பெயரெழுதிய பொத்தான்களைக் கொண்டும் ஆடலாம்.

தொடக்கத்தில் கூறிய மாணவனிடம் இப்பொழுது திரும்புவோம். அவன் பத்து நகர்வுகளில் தோற்பது அறிவுக் குறைவால் அன்று. அவனுடைய காய்கள் தம் இடத்திலேயே உறங்குகின்றன. அவன் அதனை எண்ணிப் பார்த்ததில்லை. அவனுடைய சென்ற ஆட்டத்தின் பதிவை அவன்முன் வைத்து, களத்திற்கு வந்த காய்கள் எத்தனை என்று ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள். பலகையை மூடி வைக்க நினைத்தவன், அதனை மீண்டும் விரிப்பான்.